தக்காளிக்கு அறுபத்து நான்கு சிவப்பு

எங்கள் வீட்டில் தக்காளி மூன்று வகை. காய், செங்காய், பழம். காய் செடியிலேயே இருக்க வேண்டும். லேசாக நிறம் திரும்பிய செங்காய், இரண்டு மூன்று நாள் ஓடுகிற லாரிக்கு. நன்றாகச் சிவந்த பழம் அன்றைக்கே திண்டுக்கல் சந்தைக்கு. இந்த வித்தியாசம் தெரியாதவனைத் தக்காளி விவசாயி என்று சொல்லக்கூடாது என்பார் அப்பா. ரெட்டியார்சத்திரம் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் இதற்காகத் திட்டு வாங்கிய ஒரே ஆள் என் அண்ணன்.

அண்ணன் சோம்பேறி இல்லை. அவனுக்கு முன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போனவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. சோளக்காட்டுக்குள் எங்கோ மயில் அசைந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் அவன்தான். ஆனால் பறித்துக் கொட்டிய குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு தக்காளியையும் எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவான். அப்புறம்தான் பெட்டியில் போடுவான். அப்பா, அம்மா, நான் மூன்று பெட்டி நிரப்புகிற நேரத்தில் அவன் ஒரு பெட்டி நிரப்புவான். அதிலும் ஏதாவது இடம் மாறிக் கிடக்கும்.

"ஏலே, பழத்தைக் கசக்கித்தான் பாக்கணுமா? கண்ணு என்னத்துக்கு இருக்கு?" என்பார் அப்பா. அமுக்கிய இடம் மறுநாள் கன்றிப்போகும், கடைக்காரர் கழித்துவிடுவார் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அது தொண்ணூறுகளின் பிற்பாதி, ஒருநாள் கறாராகவே சொல்லிவிட்டார். "இனிமே ஒரு பழத்தை அமுக்குனே, குவியல் பக்கமே வராத."

அண்ணன் அதற்குப் பிறகு அமுக்கவில்லை. மற்றவர்களைப் போலப் பார்த்துப் பார்த்துப் போட்டான். அடுத்த வாரமே அவன் நிரப்பிய பெட்டிகள் லாரியில் போய், போன ஊரில் பிரித்தபோது கூழாக இருந்தன. பழுத்ததை எல்லாம் லாரிக்கு ஏற்றியிருக்கிறான். அப்பாவுக்கு அது சரக்கு போன கதையாக மட்டும் தெரியவில்லை. திட்டியதற்குப் பழி வாங்கிவிட்டான் என்றே நினைத்தார். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலப்பா" என்று அண்ணன் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று.

அன்றோடு அப்பா அவனிடம் பேச்சை நிறுத்தினார். இந்த மகசூல் முடிந்ததும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது, அண்ணனை நூல் மில்லுக்கு அனுப்புவது என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா வழியாக அவனுக்குத் தெரிவித்தார். செடியை விட்டால் வேறொன்றும் தெரியாதவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பார். எல்லாரும் சுற்றியிருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து நான் அப்பாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் கும்பிட்டார், இடப்பக்கம் கும்பிட்டார், முன்னால் நின்றவர் தோளைத் தொட்டுத் திருப்பிக்கூடக் கும்பிட்டார். பின்னால் அண்ணன் கைகூப்பியபடி நின்றான். அப்பா திரும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

இதெல்லாம் நடந்த நாட்களில்தான் நான் கம்ப்யூட்டரில் நிறம் போடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. தூசி உள்ளே வரும் என்று காரணம் சொன்னார்கள். எனக்கென்னவோ அது கோயில் வாசலில் காட்டுகிற மரியாதை மாதிரியே பட்டது. உள்ளே ஏசி குளிர், துணி உறை போட்ட திரைகள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணத்திரை உள்ள கம்ப்யூட்டர் இரண்டுதான். அதில் உட்கார முறை வைத்துக் காத்திருப்போம்.

அதில் நான் முதலில் தெரிந்துகொண்ட விஷயமே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. திரையின் நினைவில் நிறமே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்துக்குள் ஏதோ ஒன்று. அந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஒரு அட்டவணையில் இருக்கிறது. பேலட் என்பார்கள். எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் சந்தைதான். பெட்டிகளில் நாங்கள் சாக்பீஸால் ஒரு குறி போடுவோம். எந்தக் குறி எந்தக் கடைக்கு என்று சந்தையில் ஒரு பலகையில் எழுதியிருக்கும். பலகையை அழித்து மாற்றி எழுதிவிட்டால் போதும், ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல் அத்தனை சரக்கும் வேறு வேறு கடைக்குப் போய்விடும். பேலட்டும் அப்படித்தான். படத்தைத் தொடவே வேண்டாம். அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் அந்த எண் உள்ள புள்ளிகள் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் மாறிவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஒரு உருண்டையை வரைந்து அதன் மேல் வெளிச்சம் விழுவது போல் காட்ட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். எல்லாரும் பந்து வரைந்தார்கள். நான் தக்காளி வரைந்தேன். எனக்கு வேறெந்த உருண்டையோடும் அவ்வளவு பழக்கமில்லை. விதி எளிமையானது. சூரியனுக்கு நேராக முகம் காட்டுகிற இடம் பளிச்சென்று இருக்கும். முகத்தைத் திருப்பத் திருப்ப மங்கும். முழுவதும் திரும்பிவிட்டால் இருட்டு. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். அட்டவணையில் இருட்டுச் சிவப்பிலிருந்து வெளிச்சச் சிவப்பு வரை அறுபத்து நான்கு படி வைத்தேன்.

முதல் தடவை ஓட்டியபோது தக்காளி மேல் வட்ட வட்டமாக வளையங்கள் வந்தன. பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்து, "என்னடி, தக்காளி போட்டா வெங்காயம் வருது" என்றாள். நான் அட்டவணையில் சிவப்பின் அளவை இருநூற்று ஐம்பத்தைந்து வரை கொடுத்திருந்தேன். அந்த இயந்திரமோ அறுபத்து மூன்று வரைதான் எண்ணும். அதைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிடும். வெளிச்சம் ஏறி, இருட்டாகி, திரும்ப ஏறி, திரும்ப இருட்டாகியிருக்கிறது. அதைத் திருத்தி ஓட்டினேன்.

தக்காளி வந்தது. கறுப்புத் திரையில் இடப்பக்கம் மேலிருந்து வெயில் வாங்கிக்கொண்டு, கன்னத்தில் ஒரு பளபளப்போடு, அடியில் இருட்டோடு, கையில் எடுத்துவிடலாம் போல உட்கார்ந்திருந்தது. நான் போட்டதெல்லாம் பெருக்கலும் கூட்டலும்தான். அதிலிருந்து எப்படி இந்த உருட்சி வந்தது? அன்று மாலை பேருந்தில் போகும்போது திரும்பி திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தேன். மேற்குப் பக்கப் பாறை சாயங்கால வெயிலுக்கு முகம் காட்டி மின்னியது. திரும்பிய பக்கம் மங்கிக் கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறை. அது அன்றாடம் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை.

பிறகு தக்காளியைப் பழுக்க வைத்தேன். அட்டவணையில் முதலில் பச்சைப் படிகளை எழுதி, ஒரு விசையை அழுத்தினால் அவை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகும்படி செய்தேன். செடியில் நாங்கள் நாள்கணக்காகக் காத்திருந்து பார்ப்பதை அது நான்கு மூச்சு நேரத்தில் செய்துகாட்டியது. வகுப்பே என் நாற்காலியைச் சுற்றிக் கூடிவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள்.

அப்படிக் கூட்டம் நிற்கிறபோதுதான் ஒரு சனிக்கிழமை அண்ணன் வந்தான். மில்லில் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, என்னோடு சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று வந்திருந்தான். அறைப் பொறுப்பாளர் நல்ல மனிதர், உள்ளே வரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தோழிகள் இருப்பதால் கூச்சத்தோடு என் பின்னால் வந்து நின்றான். நான் பெருமை தாங்காமல் விசையைத் தட்டினேன். பச்சைத் தக்காளி பழுத்துச் சிவந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்பப் பழுக்கும்?" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். "பழுத்துருச்சுண்ணே."

"செத்த இருட்டாத்தானே ஆயிருக்கு. சூரியனை நகத்திட்டியா?"

தோழிகள் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் முகத்தில் கேலி எதுவும் இல்லை. நான் விசையைத் தட்டித் தக்காளியைப் பச்சையாக்கினேன், சிவப்பாக்கினேன், மறுபடி பச்சையாக்கினேன். அவன் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான்: "இப்ப வெளிச்சம். இப்ப இருட்டு. இப்ப வெளிச்சம்." ஒரு முறைகூட நிறத்தைச் சொல்லவில்லை. கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்கிற அண்ணனும் கூழான லாரிச் சரக்கும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன.

தோழிகள் போன பிறகு பொறுப்பாளரிடம் கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தோம். திரையை நடுவில் பிரித்து இடப்பக்கம் ஒரு சிவப்பும் வலப்பக்கம் ஒரு பச்சையும் வைத்தேன். வலப்பக்கத்து நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் விசைகள் வைத்துக் கொடுத்தேன். "நடுவுல கோடு தெரியுதுல்ல? அது மறையிற வரைக்கும் தட்டு" என்றேன்.

தட்டினான். பச்சை மங்கியது, இன்னும் மங்கியது. "போச்சு" என்றான்.

"என்ன போச்சு?"

"கோடு போச்சு. ரெண்டும் ஒண்ணாயிருச்சு."

நான் பார்த்தேன். என் கண்ணில் இடப்பக்கம் ரத்தச் சிவப்பு. வலப்பக்கம் கிணற்றுச் சுவரில் படிந்த பாசியின் பச்சை. நடுவில் கோடு கத்தியால் கீறியது போல நின்றது. அவன் அந்தக் கோடு இல்லாத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே திரை, ஒரே வெளிச்சம், தோளோடு தோள் இடிக்கிற தூரத்தில் இரண்டு பேர். ஒரே தட்டில் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். இத்தனை வருடமும் அவன் வேறொரு அட்டவணை வைத்திருந்திருக்கிறான்.

"அண்ணே, இது என்ன கலரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. "தக்காளிக் கலரு" என்றான்.

அவனுக்குத் தெரிகிற அந்த ஒன்று என்னுடைய சிவப்பா, என்னுடைய பச்சையா, இரண்டும் இல்லாத மூன்றாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்லை. எது எதெல்லாம் அவனுக்கு ஒன்று என்பதை மட்டும்தான் என்னால் அளக்க முடிந்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வொரு நிறமாக வைத்து அளந்தோம். அண்ணன் பொறுமையாகக் கோடுகளை அழித்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான், "மில்லுலயும் கலரு கலரா நூலு சுத்துன கோன்தானாம் பாப்பா. நூலுக்கு நூலு வேற கலரு. மாத்திப் போட்டா அங்கயும் இதே கதைதான்."

வீட்டில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அது கண்ணின் அமைப்பு, பிறவியிலேயே உள்ளது என்றேன். அம்மா, "என் தம்பியும் இப்படித்தான், நம்ம கல்யாணத்துக்கே கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுட்டு வந்து பழுப்புன்னு சாதிச்சான்" என்றாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்புட்டுத் தூரத்துல மயிலு நின்னாச் சொல்றான். அவனுக்கா கண்ணு தெரியல? படிக்க அனுப்புனா அண்ணனுக்கு வக்கீலு வேலை பாக்குறியா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாயால் சொல்லி அவரை நம்ப வைக்க முடியாது என்று புரிந்தது. கண்ணாலேயே காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் துறையில் அந்த வருடம் கண்காட்சி வைத்தார்கள். பெற்றோர் வரலாம். வண்ணத்திரை ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அம்மா எப்படியோ பேசி அப்பாவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று சொல்லி வரவில்லை. வெள்ளை வேட்டியில் வந்த அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கழற்றினார். ஏசியின் குளிர் பட்டதும் தோள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

திரையில் ஒரு குவியல் தக்காளி. காய், செங்காய், பழம் எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் அதே இடப்பக்கத்து வெயில், அதே பளபளப்பு, அடியில் நிழல். அப்பா முன்னால் குனிந்தார்.

"நீயா போட்ட?"

"ஆமாப்பா. பிரிச்சுக் காட்டுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சந்தையில் நிற்கிற தோரணை வந்துவிட்டது. திரையில் விரலை வைத்து, "இது பழம், இது செங்காய், இது காய், இதை ஏன் பறிச்ச, இது பழம்" என்று கடகடவென்று சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் விசையைத் தட்டினேன். படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. அட்டவணையில் அண்ணனுக்கு ஒன்றாகத் தெரிகிற நிறங்களை எல்லாம் ஒரே நிறமாக்கி எழுதினேன், அவ்வளவுதான்.

குவியல் முழுவதும் ஒரே மங்கலான மண் நிறத்துக்குப் போனது. வெயில் அப்படியே இருந்தது. பளபளப்பு இருந்தது, நிழல் இருந்தது. உருண்டை உருண்டையாகத் தனித்தனியே தெரிந்தது. சில கொஞ்சம் இருட்டாக, சில கொஞ்சம் வெளிச்சமாக. பழுத்தது எது, பழுக்காதது எது என்பது மட்டும் உலகத்திலிருந்தே போய்விட்டது.

"மிசினு கெட்டுப்போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அண்ணனுக்கு இப்படித்தான் தெரியுது. வெளிச்சமும் நிழலும் நல்லாத் தெரியும், அதான் மயிலைப் பாத்துர்றான். இது ரெண்டுதான் ஒண்ணாயிருது. இப்பப் பிரிங்க."

விரலை நீட்டினார். அது ஒரு தக்காளியின் மேல் போய் நின்றது. விலகி இன்னொன்றின் மேல் போனது. "இது பழம்" என்று ஆரம்பித்து நிறுத்தினார். இருட்டாக இருப்பது பழமா, அடியில் நிழலில் கிடப்பதால் இருட்டா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா அவர் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு, அவர் அறிந்து செய்தாரா என்று தெரியவில்லை, கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்து அமுக்கினார்.

கண்ணாடி அமுங்கவா செய்யும். இன்னும் அழுத்தினார்.

"அமுக்கிப் பாக்கவும் முடியலையே" என்றார்.

விரலைத் திரையிலிருந்து எடுத்து, அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. யாருக்கும் சொல்லாத குரலில், "அமுக்காதன்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

எழுந்து வெளியே போனார். போகும்போது செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து, வெயில் சுட்ட பிறகு திரும்பி வந்து எடுத்தார். ஊருக்குப் பேருந்து ஏறினோம். சன்னலுக்கு வெளியே வேப்பமரங்களும் செம்மண்ணும் ஓடின. அவர் அவற்றை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர் சீட்டுப் பெண்ணின் சிவப்புச் சேலையை அவர் பார்த்த பார்வைக்கு அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

அடுத்த பறிப்பு திங்கட்கிழமை காலை. குவியல் கொட்டியாகிவிட்டது. கிழக்கு வெயில் தாழ்வாக விழுந்து ஒவ்வொரு பழத்தின் கன்னத்திலும் மின்னியது. ஒரு கணக்கும் போடாமல் இத்தனை ஆயிரம் உருண்டைகளுக்கு எப்படி ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்து சேர்கிறது என்று நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கம்போல் தள்ளிப்போய், காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். குவியல் பக்கம் அவன் வருவதே இல்லை.

அப்பா குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தக்காளியை எடுத்தார். சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும், அது செங்காய். அதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டி அடுக்குகிறவன் பக்கம் நீட்டினார்.

"ஏலே அப்பு, இங்க வா. செத்த அமுக்கிப் பாத்துச் சொல்லு, இது எந்தப் பெட்டிக்கு?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வாங்கி, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினான்.

"லாரிக்கு" என்றான்.

அப்பா அதை வாங்கி லாரிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து நீட்டினார்.